முதல் குளிர்காலம்: வீட்டுத் தண்ணீர் பைப் உறையாமல் பார்த்துக்கொள்வது எப்படி

கேள்வி கேட்டவர் ஒன்டாரியோவில் இருக்கும் மில்டனில் போன கோடையில் வீடு வாங்கியவர். கனடாவில் சொந்த வீட்டில் அவருக்கு இது முதல் குளிர்காலம். கிச்சன் சிங்க் வெளிச்சுவரை ஒட்டி இருக்கிறது, கராஜுக்கு மேலே ஒரு பாத்ரூம் இருக்கிறது, ஜனவரியில் மூன்று வாரம் குடும்பத்தோடு கோயம்புத்தூர் போகிறார்கள். பைப் உறைந்து வெடிக்காமல் இருக்க ஹீட் டேப் (மின்சாரத்தில் சூடாகும் கேபிள்) வாங்கிச் சுற்றிவிட்டால் போதுமா, குழாயைச் சொட்ட விட வேண்டுமா, வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸை எத்தனை டிகிரியில் வைத்துவிட்டுப் போவது என்று கேட்டிருக்கிறார். நான் இந்தப் பக்கம் வீட்டு பிளம்பிங் வேலை பார்ப்பவன். கொஞ்சம் நீளமாகவே எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலில் இது: ஊருக்குப் போகும்போது வீட்டுக்குத் தண்ணீர் வரும் மெயின் வால்வை மூடிவிட்டுப் போங்கள். வெளியே இருக்கும் தோட்டக் குழாயை இந்த வாரமே காலி செய்யுங்கள். சிங்குக்குக் கீழே குளிர்காற்று நுழையும் ஓட்டையைத் தேடி அடையுங்கள். ஹீட் டேப் பற்றி இந்த மூன்றையும் முடித்த பிறகு பேசலாம், உங்கள் வீட்டுக்கு அது தேவைப்படாமலே போகலாம்.

சரி, ஏன் என்று பார்ப்போம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரியும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறோம். அதனால் பனிக்கட்டி உள்ளிருந்து பைப்பின் சுவரைத் தள்ளி, உறைந்த இடத்திலேயே உடைக்கிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. பைப்பில் ஓர் இடத்தில் பனி அடைத்துக்கொள்கிறது, அந்த அடைப்பு நீளவாக்கில் வளர்கிறது. தெருப் பக்கம் இருக்கும் தண்ணீர் மெயினை நோக்கிப் பின்வாங்கிக்கொள்ளும், ஆனால் அடைப்புக்கும் மூடிய குழாய்க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட தண்ணீர் எங்கே போகும்? வீட்டில் சாதாரணமாக 40 முதல் 80 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அளவு) வரை இருக்கும் அழுத்தம் அந்தச் சின்னத் துண்டுக்குள் ஆயிரக்கணக்கில் ஏறி, எங்கே பலவீனமோ அங்கே கிழித்துக்கொண்டு வெளியே வருகிறது.

அப்படி வெடித்த செப்பு பைப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால், ஓரிடத்தில் லேசாக உப்பி, முற்றிய வெண்டைக்காய் பிளந்த மாதிரி நீளவாக்கில் ஒரு கீறல் இருக்கும், விளிம்பு இரண்டும் வெளிப்பக்கம் மடங்கியிருக்கும். அந்த இடம் பல சமயம் வீட்டுக்குள், கதகதப்பான பக்கத்தில் இருக்கும். இங்கே எப்படி உறைந்தது என்று வீட்டுக்காரர் குழம்புவார். உறைந்தது நாலடி தள்ளி, சுவருக்குள். இங்கே வெடித்தது மட்டும்தான். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் கட்டட ஆராய்ச்சிக் குழு 1990களில் பைப்புகளை வேண்டுமென்றே உறைய வைத்துச் சோதித்து 1996-ல் வெளியிட்ட அறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. வெளியே சுமார் மைனஸ் 7 டிகிரிக்குக் கீழே போனால், மறைப்பில்லாத பைப் விஷயத்தில் உஷாராக இருங்கள் என்ற கணக்கும் அந்தச் சோதனைகளிலிருந்து வந்ததுதான்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருப்பது நல்லது. அசையாமல் நிற்கும் தண்ணீர் பூஜ்யத்தைத் தொட்டவுடன் உறைவதில்லை. சில டிகிரி கீழே போயும் தண்ணீராகவே இருந்துவிட்டு, திடீரென்று இறகு இறகாகப் பனி படர்ந்து பைப்பை மொத்தமாக அடைத்துவிடும். ராத்திரி பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவும்போது நன்றாக வந்த தண்ணீர் காலையில் காபிக்குப் பிடிக்கப் போனால் ஒரு சொட்டுக்கூட வராது என்பது இதனால்தான். நேற்று வரை ஒன்றும் ஆகவில்லையே என்ற நம்பிக்கைக்கு இங்கே இடமில்லை.

இதிலிருந்து இரண்டு முடிவுக்கு வரலாம். பைப்பை நோக்கிக் குளிர் எந்த வழியாக வருகிறது என்று பார்க்க வேண்டும், வெளியே தெர்மாமீட்டர் என்ன காட்டுகிறது என்பது அதற்கு அடுத்தபடிதான். அப்புறம், உறைவதைத் தடுக்க முடியாவிட்டாலும் மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு ஒரு வாசல் வைத்துவிட்டால் பைப் பிழைக்கும்.

2021 பிப்ரவரியில் டெக்சஸில் நடந்தது நினைவிருக்கும். டாலஸ் விமான நிலையத்தில் 16-ம் தேதி மைனஸ் 19 டிகிரி. அது இங்கே பெரிய விஷயமே இல்லை, ஒன்டாரியோவில் அந்தக் குளிரில் குழந்தைகள் பள்ளிக்கூடம் போவார்கள். ஆனால் அங்கே வீடு வீடாகப் பைப் வெடித்து சீலிங் இடிந்து விழுந்தது. ஏன்? அங்கே வீடுகளுக்கு பேஸ்மென்ட் கிடையாது, தரையில் நேராக கான்கிரீட் தளம் போட்டுக் கட்டுகிறார்கள், தண்ணீர் பைப் பல வீடுகளில் கூரைக்குக் கீழே அட்டிக் வழியாக ஓடுகிறது. அட்டிக் கிட்டத்தட்ட வெளியே இருப்பதற்குச் சமம். கூடவே லட்சக்கணக்கான வீடுகளில் கரண்ட்டும் போய், வீட்டுக்குள்ளிருந்து வந்துகொண்டிருந்த கொஞ்சநஞ்ச சூடும் நின்றுபோனது. இங்கே ஒன்டாரியோ வீடுகளில் மெயின் லைன் பேஸ்மென்டில் வந்து, உள்சுவர் வழியாக மேலே ஏறும். அதனால்தான் மைனஸ் 25-லும் தப்பிக்கிறோம். தப்பிக்காத வீடுகளை எடுத்துப் பார்த்தால், பில்டர் அந்த வழக்கத்தை மீறிய ஓரிரண்டு இடங்களில்தான் பிரச்சினை இருக்கும். உங்கள் கிச்சனும் கராஜ் மேல் பாத்ரூமும் அந்த வகை.

விண்ட்சில், அதாவது காற்றடிக்கும்போது உடம்பு உணரும் குளிர், மைனஸ் 35 என்று செய்தியில் சொல்லும்போது பலர் பதறிப்போய் போன் செய்கிறார்கள். அது நம் தோலுக்கான கணக்கு, பைப்புக்குத் தோல் கிடையாது. காற்று எவ்வளவு அடித்தாலும் பைப் வெளியே இருக்கும் நிஜமான வெப்பநிலைக்குக் கீழே போகாது. ஆனால் காற்று அந்த வெப்பநிலைக்குச் சீக்கிரம் கொண்டுபோய்விடும், அதுவும் சுவரில் ஓட்டை இருந்தால். காற்றில்லாத மைனஸ் 20-ஐ விட மேற்கிலிருந்து பலமாகக் காற்றடிக்கும் மைனஸ் 14 ராத்திரியில் உறையும் வீடுகளும் உண்டு.

முதலில் கிச்சன். சிங்குக்குக் கீழே இருப்பதையெல்லாம் வெளியே எடுங்கள். நம் வீடுகளில் அங்கே என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும்: பழைய குக்கர், நெய் டப்பா, மடித்து மடித்துச் சேர்த்த பிளாஸ்டிக் பை. அவ்வளவும் அடைந்திருந்தால் வீட்டுச் சூடு பின்சுவர் வரை போகவே போகாது. காலி செய்த பிறகு, காற்று நன்றாக அடிக்கும் ஒரு நாளில், ஊதுவத்தி ஒன்றைக் கொளுத்தி, பைப் சுவருக்குள் போகும் இடத்தில் பிடித்துப் பாருங்கள். வடிகால் பைப், டிஷ்வாஷர் லைன், கரண்ட் ஒயர் எது சுவரையோ தரையையோ துளைத்துப் போகிறதோ அங்கெல்லாம் காட்டுங்கள். புகை நேராக எழும்பினால் சரி. உங்கள் முகத்தை நோக்கிச் சாய்ந்தால் அங்கே வெளிக்காற்று உள்ளே வருகிறது. பெரும்பாலும் பைப்பைச் சுற்றி விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டு, மேலே ஒரு குரோம் வளையத்தைப் போட்டு மூடியிருப்பார்கள். வளையத்தை நகர்த்திவிட்டு, சின்ன இடைவெளி என்றால் காக் (இடைவெளி அடைக்கும் பசை) போட்டும், பெரியது என்றால் கொஞ்சமாக விரியும் வகை ஸ்ப்ரே ஃபோம் அடித்தும் அடைத்துவிடுங்கள். ஃபோம் அடிக்கும் முன் ஊதுவத்தியை அணைத்து அப்பால் வைத்துவிடுங்கள், அந்த டப்பாவில் இருக்கும் வாயு தீப்பிடிக்கக்கூடியது.

கடுங்குளிர் ராத்திரிகளில் அந்த கேபினட் கதவைத் திறந்தே வையுங்கள். சின்னப் பிள்ளைகள் இருந்தால் சோப்பு, பிளீச் எல்லாவற்றையும் முன்கூட்டியே மேலே ஏற்றிவிட வேண்டும். காசில்லாத வைத்தியம், பாதி வீடுகளுக்கு இதுவே போதும்.

என்றைக்காவது அந்தச் சுவரைத் திறந்து வேலை செய்தால் ஒன்றைக் கவனியுங்கள்: இன்சுலேஷன் பைப்புக்கும் வெளிச்சுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். பைப்புக்கும் அறைக்கும் நடுவில் அடைத்தால் வீட்டின் சூட்டிலிருந்து பைப்பைப் பிரித்து வெளியே தள்ளிய மாதிரி ஆகிவிடும். நல்ல எண்ணத்தில் பைப்பைச் சுற்றிலும் பஞ்சைத் திணித்துவிட்டு, முன்னால் உறையாத பைப்பை உறைய வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பைப் மேல் மாட்டக் கடையில் விற்கும் கறுப்பு ஃபோம் கவர் விஷயமும் அப்படித்தான். அது சூடு தராது, சூடு போவதைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நாலைந்து மணி நேரக் குளிரைத் தாண்ட அது உதவும். இரண்டு நாள் தொடர்ந்து மைனஸ் 18-ல் நிற்கும்போது, பைப்புக்குள் தண்ணீர் அசையாமல் இருந்தால், கவர் போட்ட பைப்பும் உறைந்துவிடும். சூடு வரும் வழி ஒன்று இருந்து, அதன் மேல் ஃபோம் கவரும் இருந்தால் நல்லது.

கராஜ் மேல் பாத்ரூம் கொஞ்சம் தலைவலி பிடித்த கேஸ். இந்தப் பக்கப் புதுக் குடியிருப்புகளில் இது சர்வசாதாரணம். கராஜ் கூரைக்கும் பாத்ரூம் தரைக்கும் நடுவே மரச்சட்டங்களுக்குள் பைப் ஓடும், கீழே கராஜில் சூடு கிடையாது. நன்றாகக் கட்டிய வீட்டில் பைப் மேல்பக்கம், தரைப் பலகையை ஒட்டியும், அதற்குக் கீழே முழுக்க இன்சுலேஷனும் இருக்கும். எல்லா வீடும் நன்றாகக் கட்டிய வீடு இல்லை. உங்களால் ஆகக்கூடியது இவ்வளவு: கராஜ் கதவைத் திறந்துபோட்டுக் கொண்டு பனி அள்ளாதீர்கள், கதவுக்குக் கீழே இருக்கும் ரப்பர் பட்டை கிழிந்திருந்தால் மாற்றுங்கள், பாத்ரூம் கதவைச் சாத்தாமல் வையுங்கள். அங்கே தரையில் சூடான காற்று வரும் ஹீட் வென்டை யாராவது மூடியிருக்கிறார்களா என்றும் பாருங்கள், கேஸ் பில் குறையட்டும் என்று பயன்படுத்தாத அறையின் வென்டை மூடும் பழக்கம் நம்மவர்களிடம் நிறைய. கராஜ் கூரையை ஒட்டி ஒரு மலிவான தெர்மாமீட்டரைத் தொங்கவிட்டு ஒரு வாரம் பாருங்கள். மைனஸ் 15 நாளிலும் அங்கே பூஜ்யத்துக்கு மேலே நின்றால் பயப்பட வேண்டாம். ஏற்கெனவே ஒரு முறை உறைந்த வரலாறு இருந்தால் கராஜ் கூரையில் அடித்திருக்கும் டிரைவால் பலகையைப் பிரித்து, பைப்பின் கீழ்ப்பக்கம் ஸ்ப்ரே ஃபோம் அடித்து மூடுவதுதான் நிரந்தரத் தீர்வு. அதை ஆள் வைத்துச் செய்யுங்கள், ஏனென்றால் கராஜின் புகையும் தீயும் வீட்டுக்குள் வராமல் தடுப்பதும் அதே கூரைதான், அரைகுறையாக மூடக் கூடாது.

இனி தோட்டக் குழாய். ஒன்டாரியோவில் இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள், ஐந்து நிமிட வேலை என்பதாலேயே தள்ளிப்போடுகிறார்கள். ஹோஸைக் கழற்றுங்கள். பேஸ்மென்டில் அந்தக் குழாய்க்குப் போகும் பைப்பைத் தேடினால், பெரும்பாலும் கூரை ஓரமாக ஒரு வால்வு இருக்கும், அதன் பக்கவாட்டில் விரல் நுனி அளவுக்குச் சின்னதாக ஒரு பித்தளை மூடியும் இருக்கும். வால்வை மூடுங்கள். வெளியே போய் குழாயை முழுக்கத் திறந்துவிட்டு உள்ளே வாருங்கள். கீழே ஒரு வாளியை வைத்துக்கொண்டு அந்தச் சின்ன மூடியைத் திருகித் திறங்கள். முதலில் காற்றை உறிஞ்சும் சத்தம் லேசாகக் கேட்கும், அப்புறம் அரை டம்ளரோ ஒரு டம்ளரோ தண்ணீர் வடியும். அந்தத் தண்ணீர்தான் ஜனவரியில் பைப்பை உடைக்க இருந்த தண்ணீர். வடிந்து முடிந்ததும் மூடியைப் போட்டுவிடுங்கள், வெளிக்குழாயை மட்டும் குளிர்காலம் முழுக்கத் திறந்தே விட்டுவிடுங்கள். பலர் உள்ளே வால்வை மூடுவதோடு சரி என்று விட்டுவிடுகிறார்கள். வால்வுக்கும் வெளிக்குழாய்க்கும் நடுவில் தண்ணீர் அப்படியே நின்றால் மூடியும் பயனில்லை.

உறையாத வகைக் குழாய் என்று ஒன்று உண்டு. கைப்பிடி வெளியே இருக்கும், ஆனால் தண்ணீரை அடைக்கும் ரப்பர் ஓரடி உள்ளே, வீட்டின் சூட்டில் இருக்கும், மூடினால் வெளிப்பக்கம் இருப்பது தானாக வடிந்துவிடும். ஹோஸைக் கழற்றாமல் விட்டால் வடியாது, இந்தக் குழாயும் வெடிக்கும். இதில் இன்னொரு விஷமம்: வெடிப்பு ரப்பருக்கு வெளிப்பக்கம் ஏற்படுவதால் குளிர்காலம் முழுக்க ஒரு சொட்டுக்கூட ஒழுகாது. மே மாதம் செடிக்குத் தண்ணீர் விடத் திறக்கும்போது, வெளியே ஹோஸில் பாதியும் சுவருக்குள் பாதியுமாகப் போகும். வெளியே நிற்பவருக்குத் தெரியாது. பேஸ்மென்ட் கார்ப்பெட் நனைந்த பிறகுதான் தெரியும். அதனால் வசந்தத்தில் முதல் முறை திறக்கும்போது ஒருவர் பேஸ்மென்டில் நிற்க வேண்டும்.

பேஸ்மென்டில் இன்னும் இரண்டு இடம் பாருங்கள். கான்கிரீட் சுவர் முடிந்து மரச்சட்டம் உட்காரும் அந்த மேல்விளிம்பு ஒன்று, முன்வாசல் படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் கோல்ட் ரூம், அதாவது சூடில்லாத சாமான் அறை, இன்னொன்று. அவை வழியாகத் தண்ணீர் பைப் போனால் அதுவும் ஆபத்துப் பட்டியலில் சேரும். கோல்ட் ரூம் கதவு இறுக்கமாக மூட வேண்டும்.

குழாயைச் சொட்ட விடுவது பற்றி. உதவும், ஆனால் பலர் நினைக்கிற காரணத்துக்காக இல்லை. ஓடும் தண்ணீர் உறையாது என்பார்கள். மெல்லிய சொட்டில் வரும் ஓட்டம் பெரிய ஓட்டம் இல்லை, போதுமான குளிர் இருந்தால் அதையும் மீறி உறையும். ஆனால் குழாய் திறந்திருப்பதால் நான் முன்பு சொன்ன அந்த மாட்டிக்கொண்ட தண்ணீருக்கு வெளியே வர வழி கிடைக்கிறது, அழுத்தம் ஏறுவதில்லை, பைப் வெடிப்பதில்லை. அதனால் எந்தக் குழாயைச் சொட்ட விடுவது என்பது முக்கியம். ஆபத்தான பைப்பின் கடைசியில் இருக்கும் குழாய், உங்களுக்கு கிச்சன் சிங்கும் அந்த பாத்ரூமும். சுடுதண்ணீர்ப் பைப்பும் அதே சுவரில்தான் போகிறது, அதனால் ஒற்றைக் கைப்பிடி என்றால் நடுவில் வைத்து இரண்டும் வரும்படி விடுங்கள். மெட்ரோ தண்ணீர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்து வளர்ந்த நமக்குத் தண்ணீரைச் சும்மா ஓட விடுவது மனசுக்கு ஒப்பாது, எனக்கும்தான். தினமும் செய்ய வேண்டாம். மைனஸ் 15-க்குக் கீழே, காற்றும் அடிக்கிற ராத்திரிகளில் மட்டும், கீழே ஒரு வாளி வைத்தால் காலையில் பிடித்த தண்ணீர் எதற்காவது ஆகும். ஓட்டையை அடைத்துவிட்டால் இதுவே தேவைப்படாது.

ஹீட் டேப்புக்கு வருகிறேன். மின்சாரத்தில் சூடாகும் கேபிள், பைப் மேல் சுற்றுவது. அதற்கென்று இடங்கள் உண்டு: வீட்டுக்கு அடியில் காற்றோட்டமான இடைவெளியில் ஓடும் பைப், காட்டேஜ், கிணற்றிலிருந்து வரும் லைன். உங்கள் மாதிரி வீட்டில் சுவருக்குள் இருக்கும் பைப்புக்கு அதைப் போட முடியாது, போடவும் கூடாது, ஏனென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அது பழுதாகிச் சூடேறினால் தீ. வெளியே தெரியும் பைப்புக்குப் போடுவதாக இருந்தால் சிஎஸ்ஏ (கனடாவின் பாதுகாப்புத் தரம்) முத்திரை இருப்பதாக, வெப்பத்தைத் தானே கட்டுப்படுத்தும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். உங்களிடம் இருப்பது பிளாஸ்டிக் பைப் என்றால் அதற்கு ஏற்றதா என்று பெட்டியில் பாருங்கள். கேபிள் தன்மேல் தானே குறுக்கே போகக் கூடாது, கிரவுண்ட் ஃபால்ட் பாதுகாப்பு உள்ள, அதாவது கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடும், பிளக் பாயின்டில்தான் செருக வேண்டும், கரண்ட் போனால் அதுவும் போச்சு.

2000-க்குப் பிறகு கட்டிய வீடு என்றால் உங்களிடம் பெக்ஸ் பைப் இருக்க வாய்ப்பு அதிகம், சிவப்பும் நீலமும் வெள்ளையுமாக வளையும் பிளாஸ்டிக். செப்பை விட இது உறைவதைத் தாங்கும், கொஞ்சம் விரிந்து கொடுக்கும். ஆனால் இணைக்கும் பித்தளை, பிளாஸ்டிக் மூட்டுகளுக்கும் குழாய் வால்வுகளுக்கும் அந்தக் குணம் கிடையாது. பெக்ஸ் வெடிக்காது என்று விற்பவர்கள் சொல்வதை நம்பி அசட்டையாக இருக்காதீர்கள்.

அடுத்து ஃபர்னஸ். தனியாக ஒரு பைப் உறைவது தொல்லை, வீடு முழுக்க உறைவது பேரழிவு, இரண்டாவது நடப்பது கிட்டத்தட்ட எப்போதும் ஃபர்னஸ் நின்றுபோவதால்தான். நிற்பதற்கான காரணங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். தெர்மோஸ்டாட்டில் பேட்டரி தீர்ந்திருக்கும். ஃபில்டர் போன வருஷத்தது, தூசியில் அடைத்திருக்கும். பக்கச் சுவரில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு வெள்ளை பிவிசி பைப்புகள் காற்று எடுக்கவும் புகை விடவும் இருப்பவை, பனி குவிந்து அவற்றை மூடியிருக்கும், ஃபர்னஸ் பாதுகாப்புக்காகத் தானே அணைந்துவிடும். பனி அள்ளும்போது அந்த இரண்டு பைப்பையும் சுற்றிச் சுத்தம் செய்யுங்கள், டிரைவ்வேயை விட அது முக்கியம். ராத்திரியில் சூட்டை 16-க்கு இறக்கும் பழக்கம் இருந்தால், கடுங்குளிர் நாட்களில் மட்டும் இறக்காமல் ஒரே அளவில் விடுங்கள். வீட்டுக்குள் 16 என்றால் வெளிச்சுவருக்குள் இருக்கும் பைப்புக்கு அதில் மிச்சம் எவ்வளவு வரும் என்று யோசியுங்கள்.

இப்போது உங்கள் கோயம்புத்தூர் பயணம். இதில் நான் யாரோடும் வாதாட மாட்டேன்: மெயினை மூடிவிட்டுத்தான் போக வேண்டும். மூன்று வாரம் ஆளில்லாத வீட்டில் அரை அங்குல பைப் ஒன்று வெடித்து, நீங்கள் திரும்பி வரும்வரை தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் அது ரிப்பேர் இல்லை, வீட்டையே திரும்பக் கட்டுவது. மெயின் வால்வு பேஸ்மென்டில் தெருவைப் பார்த்த சுவரில், வாட்டர் மீட்டருக்குப் பக்கத்தில் இருக்கும். நெம்புகோல் மாதிரிக் கைப்பிடி என்றால் கால் சுற்று திருப்பிப் பைப்புக்குக் குறுக்கே கொண்டுவந்தால் மூடியாயிற்று. பழைய வீடுகளில் வட்டக் கைப்பிடி இருக்கும், வருஷக்கணக்கில் தொடாமல் இறுகிப்போயிருக்கும். கிளம்பும் நாளில் ஏர்போர்ட் டாக்ஸி வாசலில் நிற்கும்போது அதோடு மல்லுக்கட்டாதீர்கள், இந்த வாரமே ஒரு முறை மூடித் திறந்து பாருங்கள்.

மூடிய பிறகு மாடியில் ஒரு குழாயையும் பேஸ்மென்ட் லாண்டரி தொட்டிக் குழாயையும் திறந்து, தண்ணீர் வடிந்து நிற்கும் வரை விடுங்கள், டாய்லெட்டை ஒரு முறை ஃப்ளஷ் செய்யுங்கள். கேஸ் வாட்டர் ஹீட்டரை வெகேஷன் அளவுக்கு இறக்குங்கள், மின்சாரத்தில் ஓடுவது என்றால் பிரேக்கரை அணையுங்கள். ஃபர்னஸை அணைக்கவே கூடாது, 15 அல்லது 16-ல் விடுங்கள், 13-க்குக் கீழே எக்காரணம் கொண்டும் வேண்டாம். ரேடியேட்டரில் சுடுதண்ணீர் ஓடிச் சூடாகும் பழைய வீடு என்றால் கணக்கு வேறு, அதற்குத் தண்ணீர் வேண்டும், உங்கள் ஹீட்டிங் ஆளைக் கேட்காமல் தொடாதீர்கள்.

இன்ஷூரன்ஸ் பேப்பரைப் போவதற்கு முன் ஒரு முறை படியுங்கள், பெரும்பாலானவர்கள் படிப்பதில்லை. கனடாவில் பல வீட்டு பாலிசிகளில், குளிர்காலத்தில் நான்கு நாட்களுக்கு மேல் தொடர்ந்து வீட்டில் இல்லை என்றால் உறைந்து வெடித்த சேதத்துக்குப் பணம் தர மாட்டோம் என்று ஒரு வரி இருக்கும். தண்ணீரை மூடிப் பைப்பைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தாலோ, ஒருவர் தினமும் உள்ளே வந்து ஹீட்டிங் ஓடுகிறதா என்று பார்த்திருந்தாலோ தருவார்கள். வாரம் ஒரு முறை நண்பர் எட்டிப் பார்த்தார் என்பது அங்கே செல்லாமல் போகலாம். உங்கள் பாலிசியில் நாள் கணக்கு என்ன என்று புரோக்கரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுத்துவிட்டுப் போகும் நண்பர் வரும்போதெல்லாம் தெர்மோஸ்டாட்டை ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடட்டும், தேதியோடு ஆதாரம்.

காண்டோ அபார்ட்மென்டில் இருப்பவர்களுக்கு இவ்வளவு வேலை இல்லை. ஜன்னலையோ பால்கனிக் கதவையோ சின்னதாகத் திறந்து வைத்துவிட்டுப் போகாதீர்கள், ஜன்னலுக்குக் கீழே இருக்கும் ஹீட்டிங் காயிலில் தண்ணீர் உறைந்து வெடித்தால் உங்களுக்குக் கீழே உள்ள மாடிகளும் சேர்ந்து நனையும். இங்கிலாந்தின் லண்டன்காரர்கள் பாய்லரின் கண்டன்சேட் பைப் (பாய்லரில் சேரும் கழிவுத் தண்ணீர் வெளியேறும் பைப்) வெளிச்சுவரில் எப்படிப் போகிறது என்று பாருங்கள், அங்கே குளிரில் முதலில் உறைவது அதுதான், பாய்லர் நின்றுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினால் இளகும், கொதிக்கும் தண்ணீர் வேண்டாம்.

எல்லாம் செய்தும் ஒரு காலையில் தண்ணீர் வரவில்லை என்றால்? ஒரே ஒரு குழாயில் மட்டும் வரவில்லை என்றால் அந்த லைன் உறைந்திருக்கிறது. அந்தக் குழாயைத் திறந்து வையுங்கள், மெயின் வால்வுக்குப் போகும் வழியில் தடையில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஏனென்றால் பைப் ஏற்கெனவே கிழிந்திருந்தாலும் பனி அடைத்திருக்கும் வரை தண்ணீர் ஒழுகாது, இளகும்போதுதான் கொட்டும். ஹேர் டிரையரை எடுத்து, குழாய்ப் பக்கத்திலிருந்து ஆரம்பித்து, மெதுவாக உறைந்த இடத்தை நோக்கிச் சூடு காட்டுங்கள். நடுவில் ஆரம்பித்தால் இளகிய தண்ணீரும் நீராவியும் இரண்டு அடைப்புக்கு நடுவில் மாட்டிக்கொள்ளும். தரையில் தண்ணீர் நின்றால் டிரையரைத் தொடாதீர்கள். கேஸ் டார்ச், மெழுகுவர்த்தி, எந்த நெருப்பும் வேண்டாம், பைப் உறைந்ததற்காக வீட்டையே எரித்துக்கொண்டவர்கள் வருஷா வருஷம் உண்டு. சுவருக்குள் எங்கே என்று தெரியவில்லை என்றால் கேபினட்டைத் திறந்து, அறையின் சூட்டைக் கூட்டி, பொறுமையாக இருங்கள், அரை நாளாகியும் அசையவில்லை என்றால் பிளம்பரைக் கூப்பிடுங்கள்.

வீடு முழுக்கவே வரவில்லை என்றால் பக்கத்து வீட்டில் கேளுங்கள். அவர்களுக்கு வருகிறது, உங்களுக்கு மட்டும் இல்லை என்றால் தெருவிலிருந்து வரும் லைன் மண்ணுக்கடியில் உறைந்திருக்கலாம். 2015 பிப்ரவரியில் டொராண்டோவில் அப்படித்தான் ஏராளமான வீடுகளுக்கு ஆனது. மண்ணுக்குள் குளிர் மெதுவாக இறங்கும், அதனால் இது பிப்ரவரி கடைசியிலும் மார்ச்சிலும், மேலே குளிர் விட்டுவிட்டதே என்று நினைக்கும்போதுதான் வரும். அதை நீங்கள் சரிசெய்ய முடியாது, நகராட்சியைக் கூப்பிட வேண்டும், டொராண்டோ என்றால் போன் எண் 311. சரிசெய்த பிறகு சில வாரங்களுக்கு ஒரு குழாயைப் பென்சில் தடிமனுக்கு ஓட விடச் சொல்வார்கள். அதைச் சொட்டாகக் குறைத்துவிடாதீர்கள், இங்கே நிஜமாகவே ஓட்டம் தேவை.

ஊரிலிருந்து திரும்பி வந்ததும் பெட்டியை வைத்த கையோடு மெயினை ஒரேயடியாகத் திறந்துவிடாதீர்கள். லாண்டரி தொட்டிக் குழாய் திறந்தே இருக்கட்டும், மற்றவற்றை மூடுங்கள். வால்வைக் கால்வாசி மட்டும் திறங்கள், பைப்பில் இருக்கும் காற்று இருமி இருமி வெளியே வரும். சத்தம் அடங்கித் தண்ணீர் சீராக வந்ததும் அந்தக் குழாயை மூடிவிட்டு, ஒரு நிமிஷம் பேசாமல் நின்று வாட்டர் மீட்டரைப் பாருங்கள். வீட்டில் எந்தக் குழாயும் திறக்காமல் மீட்டரின் சின்ன முள் சுற்றிக்கொண்டிருந்தால் எங்கேயோ ஒழுகுகிறது, உடனே மூடுங்கள். முள் அசையவில்லை என்றால் முழுக்கத் திறந்து, மாடிக் குழாய்களில் மிச்சக் காற்றை விட்டு, டாங்க் நிரம்பிவிட்டது என்று உறுதியான பிறகு வாட்டர் ஹீட்டரைப் போடுங்கள். கிச்சன் சிங்குக்குக் கீழேயும் கராஜ் கூரையிலும் ஈரம் தெரிகிறதா என்று அன்றைக்கும் மறுநாளும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.